தனுஷ்கோடியின் வலது கை

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு தனுஷ்கோடிக்குப் பேச்சு பாதிதான் வந்தது. வசவு மட்டும் முழுசாக வந்தது. மல்லாங்கிணறு பஜாரில் உரக்கடை வைத்திருந்தவர். கடையில் எல்லோரிடமும் தன்மையாகப் பேசுவார். வீட்டுக்குள் நுழைந்தால் வாயும் வேறு, கையும் வேறு.

அவர் திட்டும்போது மனைவி கஸ்தூரி இடது காதை அவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தக் காது கேட்காது. கல்யாணமான புதிதில், கடைச்சாவியை இடம் மாற்றி வைத்ததற்கு விழுந்த ஒரே அறையில் போனது.

அந்தத் தெருவுக்கு இது புதிதில்லை. ஒரு வீட்டில் அடிவிழுந்தால் அடுத்த வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். எதிர்வீட்டுத் தங்கச்செல்வி அலறியபோது கஸ்தூரியும் கூட்டியிருக்கிறாள்.

தனுஷ்கோடியைப் பார்த்துக்கொள்வதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைத்தாள். முதுகில் ஒரு புண் கிடையாது. பயிற்சி சொல்லித்தர விருதுநகரிலிருந்து அனுசியா என்ற பிசியோதெரபிப் பெண் வந்தாள். சொன்னபடி காலை மடக்கி நீட்டினாள் கஸ்தூரி. கால் எழுந்தால் கக்கூசுக்குத் தூக்கிச் சுமக்க வேண்டாம். கால் எழுந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கையை மட்டும் அவள் தொடவில்லை.

அனுசியா கண்டுபிடித்துவிட்டாள். “கைக்குப் பயிற்சி குடுக்கலையாம்மா? விரலெல்லாம் இறுகுது.”

“குடுக்கல.”

“ஏம்மா?”

கஸ்தூரி முடியை ஒதுக்கிக் காதைத் தொட்டுக் காட்டினாள். “இந்தக் கைதான்.”

அனுசியா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். “இப்ப விட்டா பிறகு வராது. தெரியும்ல?”

“தெரியும்.”

“நகத்தையாவது வெட்டி விடுங்க. உள்ளங்கையில துணியச் சுருட்டி வைங்க. இல்லாட்டி குத்திப் புண்ணாயிரும்.”

அதை மட்டும் கஸ்தூரி தவறாமல் செய்தாள்.

தம்பியைப் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து அக்கா ஜெகதீஸ்வரி வந்தாள். அவள் உட்கார்ந்திருக்கும்போதே, காப்பி சூடு போதவில்லை என்று தனுஷ்கோடி இடது கையால் எவர்சில்வர் டம்ளரை வீசினார். கஸ்தூரி விலகிக்கொண்டாள், டம்ளர் சுவரில் பட்டு உருண்டது.

“சின்னதுலேர்ந்தே கோவக்காரன்” என்றாள் ஜெகதீஸ்வரி. பிறகு வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். “ஏண்டி, காலு நடக்குது, கை மட்டும் ஏன் கட்டையாக் கெடக்கு? வேணும்னே விட்டுட்டியா?”

“வேணும்னேதான் மதினி.”

“அடிப் பாவி! புருசன் கைய முடமாக்கிட்டு எந்தச் சாமி முன்னாடி போயி நிப்ப? எந்த ஆம்பள அடிக்கல? நான் வாங்காத அடியா?”

“காது போன அன்னைக்கு உங்க வீட்டுக்குத்தான் ஓடியாந்தேன். மறு பஸ்ஸுல ஏத்தி அனுப்புனீக.”

“வாழ வேண்டிய பொண்ணுன்னுதான் அனுப்புனேன்!”

“சரி. இப்ப தம்பிய நீங்க கூட்டிட்டுப் போங்க. எப்படி நீவணும்னு சொல்லித் தாரேன். இப்ப ஆரம்பிச்சாக்கூட கை நல்லாயிரும். ஆனா நல்லானப்புறமும் அவுக உங்க வீட்டுலதான் இருக்கணும்.”

ஜெகதீஸ்வரி தம்பியின் கையைப் பார்த்தாள். உருண்டு கிடந்த டம்ளரைப் பார்த்தாள்.

“எம் மருமக மாசமா இருக்காடி. கை நல்லாயிட்டா, இவன் கோவத்துக்கு...” பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

“சொல்லுங்க மதினி.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் வாரேன்.”

வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டுக் கஸ்தூரி திரும்பினாள். தனுஷ்கோடி ஏதோ கத்தினார்; அவள் இடது காது அவர் பக்கம் இருந்தது. வலது கையின் நகங்களை ஒட்ட வெட்டினாள். பழைய துணியை எடுத்துவிட்டு, துவைத்த துணியைச் சுருட்டி வைத்து, விரல்களை அதன்மேல் மூடினாள். காலுக்குப் பயிற்சி கொடுத்தாள்.

பிறகு அடுப்படிக்குப் போய்ப் புதுக் காப்பி ஆற்றினாள். பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றினாள்.