அப்பா வந்துட்டாங்க!

வெங்காயம் அரிந்த அம்மாவின் ஈரக்கை கழுத்தில் சில்லென்று படும். அதுதான் எங்களுக்கு விடியல். நான் ஐந்தாம் வகுப்பு, தம்பி முரளி ஒன்றாம் வகுப்பு. அப்பா மஸ்கட்டில் இருந்ததால், இரண்டு மா நிலத்தையும் எங்கள் இருவரையும் அம்மாதான் கட்டி மேய்த்தாள். ஸ்கூல் வேன் ஏழேகாலுக்கு வாய்க்கால் பாலத்தில் வந்து இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடுவதற்குள் தாண்டவேண்டும் என்று யாருக்காகவும் நிற்காது.

நான் எப்படியோ எழுந்துவிடுவேன், தம்பி எழுந்தால்தானே! உட்காரவைத்தால் உட்கார்ந்தபடியே தூங்குவான், பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டும் தூங்குவான். "இடி விழுந்தாலும் எழுந்திரிக்காது, கும்பகர்ணன் தோத்தான் போ" என்று அம்மா திட்டுவாள், பிறகு கெஞ்சுவாள், சில நாள் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள்.

சம்பா நடவு சமயம், தொடர்ந்து மூன்று நாள் வேனை விட்டோம். நான்காம் நாள் நடவாட்கள் வயலில் காத்திருக்க, முதல் ஹாரனும் கேட்டுவிட, அம்மா வேறு வழி தெரியாமல் கத்தினாள்: "டேய் முரளி, அப்பா வந்துட்டாங்கடா!"

துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினான். பத்து வயதுக்காரி நானும் நம்பி ஓடினேன். வாசலில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எங்கம்மா?" என்றான். அம்மா அவனுக்குச் சட்டையை மாட்டினாள். பட்டனை மாற்றிப் போட்டாள். அன்று வேன் கிடைத்தது. வழியெல்லாம் அவன் அழுதுகொண்டே வந்தான்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, முன்கூட்டி ஒரு கடிதமும் போடாமல், அப்பா நிஜமாகவே வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் பாயருகே வந்து நின்றார். அம்மா தம்பியை உலுக்கி, "அப்பா வந்திருக்காங்கடா, சத்தியமா" என்றாள். அவன் கண்ணைத் திறக்காமலே, "போம்மா, பொய் சொல்ற" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "என்ன சொல்றான் இவன்?" என்று அப்பா கேட்டார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் யாரும் அப்படிச் சொல்லாமல் வந்து நிற்பதில்லை. என் கணவர் கத்தாரில் விமானம் ஏறினால், அடுத்த நிமிடமே எனக்கு செல்போனில் தெரிந்துவிடுகிறது. தூங்குமூஞ்சித்தனம் மட்டும் பரம்பரையாக வந்திருக்கிறது. நேற்றுக் காலை என் மகன் அசையாமல் கிடக்க, வாசலில் வேன் இரண்டாவது ஹாரனும் அடித்துவிட, அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். தூங்கினவனை அப்படியே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.