மழைப் பலகைக்கு நான் பூசிய பழுப்பு

வரைபடத்திலுள்ள சம உயரக் கோடுகளை நடைபாதைகள் என்று நினைத்துக்கொண்டு ஒருவன் எத்தனை நாள் வேலை பார்க்க முடியும்? நான் ஐந்து மாதம் பார்த்தேன். எழுபதுகளின் நடுவில், சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில், இன்னும் நிரந்தரமாகாத குமாஸ்தாவாக இருந்தேன். தோட்டத்து வரைபடத்தில் மலைகளைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் ஓடும். சர்வே செய்ய வந்த ஒருவரிடம், இத்தனை பாதை போட்டும் உச்சிக்குப் போக ஒன்றுகூட இல்லையே, எல்லாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறதே என்று ஆதங்கப்பட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சொந்த ஊர் எது என்று விசாரித்தார். எருத்தேன்பதி என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் உயரமான பொருள் என்றால் தென்னை மரம். அதைச் சுற்றி யாரும் கோடு போட்டதில்லை.

இந்தத் தகுதியோடு இருந்த என்னிடம்தான் மழைப் பலகையை ஒப்படைத்தார்கள்.

அலுவலக வராந்தாவில் மாட்டியிருந்த நாலடிப் பலகை அது. தேயிலை நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து நம்பர் போட்டு, ஒவ்வொன்றையும் காடு என்பார்கள்; அந்த ஒன்பது காடுகளும் அதில் வரைந்திருக்கும். நம்பருக்கு ஓர் ஆணி. காலையில் மழைமானிகளின் அளவு வந்து சேர்ந்ததும் ஆணியில் ஒரு தகர வில்லையைத் தொங்கவிட வேண்டும். மழை இல்லையென்றால் வெள்ளை, தூறலுக்கு மஞ்சள், நல்ல மழைக்கு நீலம், கொட்டித் தீர்த்திருந்தால் சிவப்பு. சிவப்பு தொங்கும் காட்டில் அன்று உரம் போட மாட்டார்கள், மருந்து அடிக்கவும் ஆள் போகாது. ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு வருகிற கங்காணிகளில் பலர் எழுத்துப் படித்ததில்லை. ஆனால் பலகையைப் படிப்பார்கள். பலகை சொன்னால் துரை சொன்ன மாதிரி. துரை என்றால் மேனேஜர். வெள்ளைக்காரர் போய் மலையாளி வந்த பிறகும் அந்த நாற்காலிக்கு அதே பெயர்தான்.

பலகை பாசி பிடித்து இருண்டுவிட்டது, வில்லையின் நிறம் தெரியவில்லை, பின்னணியைக் கொஞ்சம் துடைத்து எடுப்பாக்கு என்றார் துரை. என்னை நிரந்தரமாக்குவதா, ஊருக்கு பஸ் ஏற்றுவதா என்று மாதக் கடைசியில் எழுதப் போகிறவரும் அவர்தான். துடைக்கும் வேலையை எவனும் செய்வான். நிரந்தரமாக வேண்டியவன் துடைத்தால் போதுமா? நான் ஒரு பள்ளிக்கூட அட்லஸை இரவல் வாங்கிவந்தேன்.

அட்லஸில் தாழ்ந்த நிலம் பச்சை. உயர உயரப் பழுப்பு. அப்படியே பூசினேன். ஓடையை நீலத்தில் ஓடவிட்டேன். மறுநாள் மூன்றாம் நம்பரின் நீல வில்லை ஓடைக்குள் விழுந்து காணாமற்போனது. ஓடையை இளைக்க வைத்தேன். அடுத்த நாள் மஞ்சள் வில்லை இளம்பழுப்போடு ஒட்டிக்கொண்டது. பழுப்பை அடர்த்தியாக்கினேன். அடர்த்தியானதும் மலைகள் தோசை மாதிரி தட்டையாகத் தெரிந்தன. விளக்குக் கரியைக் குழைத்து ஒரு பக்கச் சரிவுக்கு மட்டும் நிழல் கொடுத்தேன். வாரக் கடைசியில் ஏழாம் நம்பர் பலகையை விட்டு எழுந்து வராந்தாவுக்கு வந்துவிடும் போல நின்றது. மழை எங்கே பெய்தது என்று கண்டுபிடிக்கத்தான் கண்ணைச் சற்று இடுக்க வேண்டியிருந்தது. அதைப் பார்ப்பவரின் கண்கோளாறு என்று எடுத்துக்கொண்டேன்.

அட்லஸில் இல்லாத ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. தேயிலைக் காட்டில் பழுப்புக்கு ஒரே பொருள், கவாத்து. சில வருஷங்களுக்கு ஒருமுறை செடியை இலையோடு கிளையோடு வெட்டிக் கட்டையாக்கி விடுவார்கள். பச்சை மலைக்கு நடுவே அந்தக் காடு மட்டும் மொட்டை போட்ட தலை மாதிரி பழுப்பாக நிற்கும். மறுபடி அதில் கொழுந்து எடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்த வருஷக் கவாத்து தொடங்க வேண்டிய காலை. எந்த நம்பரில் என்பதைத் துரை பெரட்டில் சொல்வதாக ஏற்பாடு. துரையின் ஜீப்போ பள்ளிவாசல் ஊர் ஏற்றத்தில் பழுதாகி நின்றுவிட்டது. கவாத்துக் கங்காணி வெற்றிலை ஒரு தடவை போட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு பலகையை அண்ணாந்து பார்த்தார். ஏழாம் நம்பர் முழுக்கப் பழுப்பு. கத்தி பிடித்த இருபது பேரைக் கூட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டார்.

துரை வந்ததும் கவாத்து ஆட்கள் எங்கே என்று கேட்டார். பலகையில் போட்டபடி ஏழாம் நம்பருக்குப் போய்விட்டார்கள் என்று பெரட்டு எழுதுகிறவர் பணிவாகச் சொன்னார். துரைக்குக் கோபம் வந்தால் மலையாளம் வரும், ரொம்பக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வரும். அன்று எந்த மொழியும் வரவில்லை. பலகையை நோக்கிக் கையை மட்டும் நீட்டினார். நான் ஓட ஆரம்பித்தேன்.

மூடுபனியில் முன்னால் இருக்கும் செடி தெரியவில்லை. கால்களை அட்டைகளுக்குக் கொடுத்துவிட்டு ஏறினேன். ஆட்களைப் பார்க்கும் முன்பே குரல் கேட்டது. கொழுந்து எடுக்க வந்த பெண்களில் ஒருத்தி, கூடையை முதுகில் மாட்டியபடியே, கங்காணிக்கும் செடி வரிசைக்கும் நடுவே கையை விரித்து நின்றாள்.

"அண்ணாச்சி, பொங்கி நிக்கிற கொழுந்துல கத்திய வைக்கீகளே. கண்ணு இருக்கா, இல்லையா?"

"எனக்கென்ன தாயி, ஆசையா? பலகையில காஞ்ச நெறம் அடிச்சிருக்காக. தொரை உத்தரவு."

"பலகையில கொழுந்து இல்லன்னா செடியிலயும் இல்லாமப் போயிருமா?"

மூச்சு வாங்க நடுவில் புகுந்தேன். "ஏனுங்க, நிறுத்துங்க. அது கவாத்து இல்லீங்க, உசரமுங்க. உசரமான எடத்துக்கு அந்த நெறம் அடிக்கறது வழக்கமுங்க."

கங்காணி கத்தியைத் தாழ்த்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உசரத்த எதுக்குய்யா பலகையில காட்டணும்? ஏறுறவனுக்குத் தெரியாதா?"

உலகத்து அட்லஸ்காரர்கள் சார்பில் நான் குனிந்து, வெட்டுப்பட்ட செடிகளை எண்ணினேன். அதற்குள் பதினொரு செடி போயிருந்தது. அந்தப் பெண் குறுக்கே நிற்காவிட்டால் காடே போயிருக்கும், அதன் பின்னாலேயே என் வேலையும்.

மாலையில் துரை தீர்ப்புச் சொன்னார். பலகையை நம்பியது கங்காணியின் குற்றமாகாது. என்னை நிரந்தரமாக்குவதை மூன்று மாதம் தள்ளி வைக்க வேண்டும். அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், அந்தக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். ஒரு பிழைகூட இல்லை. துரை அதைப் பாராட்டினார்.

மறுநாள் பலகை முழுவதையும் வெள்ளையாக அடித்து, நம்பர்களின் எல்லைகளை மட்டும் மெல்லிய கறுப்புக் கோட்டில் இழுத்தேன். வெள்ளை வில்லை இப்போது தெரியாதே என்று துரையிடம் இழுத்தேன். மழை பெய்யாத காட்டைப் பற்றி இங்கே யாரும் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். மஞ்சளும் நீலமும் சிவப்பும் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தன. மூன்று மாதம் தாக்குப்பிடித்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை கொழுந்து நிறுக்க வந்த கூட்டத்தில் அதே பெண் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். நெடுநேரம் பார்த்தாள். பாராட்டு வரப்போகிறது என்று நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

"இப்பத்தான் கிளார்க்கய்யா சரியா வரைஞ்சிருக்கீக" என்றாள். "காலையில எந்திரிச்சுப் பாத்தா பனி மூடி நம்ம மல இப்பிடித்தான் இருக்கும். ஒண்ணும் தெரியாது."