மாமா நிறுத்திய மாப்பிள்ளை ஊர்வலம்

எட்டு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதச் சாயங்காலம், டெல்லி ஜனக்புரி பக்கம் ஒரு பெரிய சாலையின் நட்ட நடுவில் நடந்தது இது. அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் திருநெல்வேலி. டெல்லியில் தங்கியிருந்தது லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில், அம்மாவின் அண்ணன் வீட்டில்.

கல்லூரியில் சேரும்போது 'லோக்கல் கார்டியன்' என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மாமா போட்டார். போட்டதோடு விட்டிருக்கலாம். மத்திய அரசில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர் அல்லவா? அதையும் ஒரு கூடுதல் பொறுப்பாக ஏற்று, முழு அதிகாரத்தோடு நடத்த ஆரம்பித்துவிட்டார். செருப்பு வாங்குவதானாலும் சரி, தோழி வீட்டுக்குப் போவதானாலும் சரி, அவரிடம் காரணத்தோடு சொல்ல வேண்டும். கண்ணை மூடி யோசிப்பார். "தேவையில்ல" என்பார். பிறகு கண்ணைத் திறந்து செய்தித்தாளை விட்ட இடத்திலிருந்து படிப்பார். ஆபீசில் கோப்புகளும் இப்படித்தான் திரும்பிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவருடைய குரங்குக் குல்லாயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மண்ணிறக் கம்பளிக் குல்லாய். தீபாவளிக்குத் தலையில் ஏறினால் ஹோலிக்குத்தான் இறங்கும். நடுவில் குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று அத்தை சொன்னாள். நான் பார்த்ததில்லை.

முதல் வருடக் குளிர்காலத்தில், வகுப்புத் தோழியின் அக்கா கல்யாணத்தில்தான் முதன்முதலில் டோலைக் கிட்டே நின்று கேட்டேன். பஞ்சாபிகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிப்பார்களே, அந்தப் பெரிய மேளம். சத்தம் உள்ளங்கால் வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு அடித்தவர்கள் எல்லோரும் பெண்கள். திலக் நகரில் ஒரு தீதி, அதாவது அக்கா, பெண்களுக்கு மட்டும் சொல்லித் தருகிறார் என்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அசட்டுத் துணிச்சலில் மாமாவிடம் அனுமதியும் கேட்டுவிட்டேன்.

அவர் இந்த முறை கண்ணை மூடவேயில்லை.

"ஏட்டி, கொட்டடிக்கவா ஒன்ன டெல்லிக்கு அனுப்பினாவ? நம்ம வீட்டுப் பொம்பளப்பிள்ள கல்யாணத்துல கொட்டடிக்கான்னு ஊருல நாலு பேரு கேட்டா, நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

'கொட்டு' என்ற அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும். ஊரில் கொட்டடிப்பவர்கள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த இளப்பத்துக்குள் இருந்தது. அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை வேறு வைத்து, "கணக்குப் படிக்க வந்தவ கச்சேரி வைக்கப் போறாளாம்" என்று அம்மா, சித்தி, ஒன்றுவிட்ட பெரியப்பா வரை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். மறுபடி அந்தப் பேச்சை எடுத்தால் படிப்பை நிறுத்தி ரயில் ஏற்றிவிடுவதாகவும் சொன்னார். அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

நான் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் நேரத்தில் மெட்ரோ பிடித்துத் திலக் நகர் போய்க் கற்றுக்கொண்டேன். அத்தைக்குத் தெரியும். வீட்டில் பழகுவதற்கு எனக்கு இருந்தது கோதுமை மாவு வைக்கும் ஆட்டா டின் ஒன்றுதான். சப்பாத்திக் கட்டையும் கரண்டிக் காம்புமாக அதில் அடித்து அடித்து டின் ஒரு பக்கம் நெளிந்தே போயிற்று. மாமா அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னவென்று கேட்டார். "எலி" என்று அத்தை பதறாமல் சொன்னாள். கோதுமை டின்னை நெளிக்கக்கூடிய எலி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அன்று ராத்திரி சமையலறைக் கதவை அவரே தாழ்ப்பாள் போட்டார்.

இரண்டாவது குளிர்காலத்தில் தீதி என்னைக் கல்யாணங்களுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். கல்லூரியில் சிறப்பு வகுப்பு என்று அத்தை மாமாவைச் சமாளித்தாள். அந்தப் பிப்ரவரி நாளில்தான் முதன்முதலாக என்னை முன்வரிசையில் நிறுத்தினார். அன்று நல்ல முகூர்த்தம். டெல்லியில் தெருவுக்கு நாலு கல்யாணம். மாமாவும் காலையிலேயே, "பெரிய சார் மகன் கல்யாணம், முகத்தக் காட்டிட்டு ஒம்பது மணிக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பெரிய சார் போனில் கூப்பிட்டாலே மாமா வீட்டுக்குள் எழுந்து நின்றுதான் பேசுவார். அத்தனை கல்யாணத்தில் நான் போகும் கல்யாணம் அதுவாகவா இருக்கப்போகிறது என்று நானும் தெம்பாகக் கிளம்பினேன். நேரம் சரியில்லாதவன் ஒட்டகத்தில் ஏறினாலும் நாய் கடிக்கும் என்பார்கள். எனக்கு அன்று அதுதான் நடந்தது.

மாப்பிள்ளை குதிரையில் வர, வீட்டார் முன்னால் ஆடிக்கொண்டே பெண் வீட்டு வாசலுக்குப் போவதைப் 'பராத்' என்பார்கள். அதை நடத்திப்போவது டோல்தான். தீதி எங்களுக்கு இரண்டு விதிகள் சொல்லித்தந்திருந்தார். கிளம்பிவிட்டால் பெண் வீட்டு வாசல் வரைக்கும் நிறுத்தக் கூடாது. கூட்டத்தில் யார் ஆடாமல் நிற்கிறாரோ, அவர் முன்னால் போய் நின்று, அவர் ஆடுகிற வரைக்கும் அடிக்க வேண்டும். எங்கள் ஆறு பேரில் முன்னால் நிற்பவளுக்குத்தான் அந்த இரண்டாவது வேலை.

பாதி தூரம் போயிருப்போம். தீதி கண்ணைக் காட்டினார். சாலை ஓரமாக ஒரு அங்கிள் விளக்குக் கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு விருந்தாளிகள் எல்லோருக்கும் ரோஜா நிறத் தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார்கள். அவருக்கும் கட்டியிருந்தார்கள். ஆனால் அதற்குக் கீழே ஒரு மண்ணிறக் குரங்குக் குல்லாய் இருந்தது. தலைப்பாகை கட்டுவதற்காகக்கூட அந்தக் குல்லாயைக் கழற்ற மறுக்கும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு.

பின்னால் தீதியின் முறைப்பு. முன்னால் மாமா. நானும் தலைப்பாகையும் முழுக்கைக் குர்தாவுமாக இருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. டோலை மட்டும், ரேஷன் கடை வரிசையில் முண்டியடிப்பவனைப் பார்ப்பதுபோல, எரிச்சலோடு பார்த்தார். குனிந்த தலை நிமிராமல் அடித்தேன். குனிந்திருந்ததால்தான் அவருடைய ஷூ கண்ணில் பட்டது. வலது ஷூவின் முனை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மேலே முகத்தில் அத்தனை கடுகடுப்பு, கீழே ஷூ தன்பாட்டுக்கு ஆடுகிறது! நான் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது.

பயத்தையும் மீறிச் சிரித்துவிட்டேன். எனக்கு அப்படியே அம்மாவின் சிரிப்பு. தங்கச்சி சிரிப்பு அண்ணனுக்குத் தெரியாதா?

"ஏட்டி!" என்றார். பிறகு தொண்டை கிழிய, "நிறுத்துட்டி!"

அவர் சொல்லுக்குப் பணிந்த இரண்டு வருடப் பழக்கம். மூளையைக் கேட்காமல் கை தானாக நின்றது. முன்னால் இருப்பவள் நிறுத்தியதும், ஏதோ சைகை என்று நினைத்து மற்ற ஐந்து பேரும் நிறுத்தினார்கள். கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய கையோடு நின்றார்கள். டோலுக்கே நடந்து பழகிய குதிரை, இனி வேலை இல்லை என்பதுபோல நின்று சாணி போட்டது. பூச்சரம் முகத்தை மறைக்க மேலே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, "க்யா ஹுவா? க்யா ஹுவா?" என்று, என்ன ஆயிற்று என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் கேட்டான். பின்னால் நின்ற பஸ் ஹாரனில் கைவைத்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரிய சார் வந்தார். டோலை நிறுத்தியது யார் என்று இந்தியில் கேட்டார். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா அட்டென்ஷனில் நின்றார்.

முதலில் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி, இரண்டு வருடத்துத் "தேவையில்ல" எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. அந்தச் சாலையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அது ஒரு தைரியம்.

"நிறுத்திட்டேன் மாமா. நிறுத்தினா என்ன ஆகும்னு பாத்துக்கிடுங்க. குதிர கூட நகரல. இது தேவையில்லன்னு நீங்கதான சொன்னீங்க? அத இப்ப ஒங்க சார்கிட்டயும் சொல்லுங்க" என்றேன். அதோடும் விடவில்லை. "பொண்ணு வீட்டு வாசல் வரைக்கும் அடிக்கத்தான் செய்வேன். அதுக்கப்புறம் திட்டுங்க, ஊருக்கு டிக்கெட் போடுங்க. பாதியில வரமாட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். பெரிய சாரைப் பார்த்தார். இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று சார் கேட்டார்.

"ஜி சார். மேரி பாஞ்ஜி ஹை." என் தங்கை மகள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால் யாரும் துருவியிருக்க மாட்டார்கள். அந்த மனிதர் அப்படிச் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

"அச்சா! ஆப்கி பாஞ்ஜி! பெஹ்லே க்யோ நஹீ பதாயா?" முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று பெரிய சார் மாமாவை இறுக்கிக் கட்டிப்பிடித்ததில் தலைப்பாகை கழன்று விழுந்தது. குல்லாய் அசையவில்லை. நாலு பேர் அவரைத் தூக்காத குறையாக நடுவில் கொண்டுவந்து விட்டார்கள். நான் குச்சியை ஓங்கினேன். குதிரை நகர்ந்தது. முப்பது வருடத்தில் யாருக்கும் அசையாத மாமா, பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவது மாதிரி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே மேலும் கீழுமாக ஆடினார். வாசல் வருகிறவரை அவரை யாரும் விடவில்லை. நானும்தான்.

வாசலில், சொன்ன சொல் மாறாமல், டோலைக் கழற்றித் தீதியிடம் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் திட்ட முடியவில்லை. ஆட்டோவில் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, அத்தை நீட்டிய வெந்நீரைக் குடித்துவிட்டு, கண்ணை மூடினார். நானும் அத்தையும் காத்திருந்தோம்.

"பரிசீலனையில இருக்கு" என்றார். எழுந்துபோய்ப் படுத்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தைதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தோத்துட்டேன்னு சொல்ல உங்க மாமாவுக்கு வாய் வராதுட்டி. இப்படித்தான் சொல்லுவாவ. நீ பாட்டுக்குப் போ."

அதன்பிறகு நான் சனிக்கிழமைகளில் குறட்டைக்காகக் காத்திருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. புகழ்ந்தும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊருக்கு வாரா வாரம் போன் போட்டார். கச்சேரி என்ற பேச்சு மட்டும் அதில் நின்றுபோயிற்று.

மூன்று வருடம் கழித்து, ஒரு டிசம்பர் மாதக் கடைசியில் மாமா ஓய்வு பெற்றார். டெல்லி ஆபீஸ்களில் ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, டோல் அடித்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்கு முந்தின வாரம் எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. அப்போது நான் டெல்லியிலேயே வேறு இடத்தில் தங்கி, ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன்.

"ஆபீஸ்ல டோலுக்கு ஆள் சொல்லுதோம்னாங்க. வெளிய யாரும் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒனக்கு லீவு கெடைக்குமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "கெடைக்கலன்னா விடு" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

லீவு போட்டேன். மாலையும் குல்லாயுமாக அவர் நடக்க, முன்னால் நான் அடித்துக்கொண்டு போனேன். லக்ஷ்மிபாய் நகர் கேட்டுக்குள் நுழைந்ததும், மாடிகளிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பதைக் கண்டு எனக்கே கூச்சமாகிவிட்டது. அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று கையைத் தளர்த்தினேன்.

"நிறுத்தாதட்டி" என்றார் மாமா. "வாசல் இன்னும் வரல."

இப்போதும் யாராவது "இதெல்லாம் எதுக்கு?" என்று என்னைக் கேட்டால் கோபம் வருவதில்லை, கேட்கிறவரின் முகத்தை விட்டுவிட்டு அவருடைய ஷூவைத்தான் பார்க்கிறேன்.