ஊறிய விதைநெல்

எங்கள் நிலம் நல்லூர்ப் பக்கம். நான் வேலை பார்ப்பது விருத்தாசலத்தில், ஒரு பீங்கான் பட்டறையில். களிமண்ணின் ஈரத்தைச் சோதிப்பது என் பொறுப்பு. மழை பொய்த்த இரண்டு பருவமும் பட்டறைக்கு நல்ல காலம். வார்த்த பொம்மைகள் முற்றத்தில் சீராகக் காய்ந்தன. வீட்டில் நிலைமை வேறு. ரேஷன் அரிசி பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். மீதி நாட்களுக்கு எப்போதும் சொந்த நெல்தான். இம்முறை விதைக்கென்று அப்பா எடுத்துவைத்ததைத் தவிர ஒன்றும் இல்லை.

போர் மோட்டாரில் திடீரென்று தண்ணீர் வந்ததை நம்பி, அவர் அந்த நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டார். மறுநாள் ஞாயிறு. தேவாலயப் பூசையில் மழைக்காக மன்றாடிவிட்டு வந்தால், மோட்டார் வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஊறிய நெல் காத்திருக்காது. சாக்கில் கட்டிவைத்தால் முளைவிடும், நாற்றங்காலில் விதைக்கலாம். அண்டாவில் அவித்தால் சாப்பாட்டுக்கு அரிசி. ஊறவைப்பது வரை இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். அவித்த நெல் முளைக்காது. முளைத்த நெல்லுக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் கோழிக்குத்தான் போடவேண்டும்.

"கட்டிவச்சிடலாம். மோட்டாரு திரும்ப எடுக்கும்," என்றார் அப்பா.

"எடுக்காட்டி? நாத்து வளர்ற வரைக்கும் காத்தையா குடிக்கிறது?" என்றாள் அம்மா.

"அவிச்சிட்டா, அடுத்த வெதைக்கு எவன் வாசல்ல போயி நிக்கிறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "படிச்சவ நீ சொல்லும்மா."

"பீங்கான் படிச்சவகிட்ட நெல்ல பத்திக் கேக்குறீங்களே!"

அம்மா சிரித்தாலும் என் பதிலுக்குத்தான் காத்திருந்தாள். நான் காரணங்களை மனதுக்குள் இரண்டு பக்கமாகப் பிரித்து அடுக்கினேன். வானம் மூடியிருந்தது, போன மாதமும் அப்படித்தான் மூடியிருந்தது. எதை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை. மண்ணாக இருந்தால் கையில் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

"அவிச்சிடலாம்ப்பா," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை. அம்மா உடனே அடுப்பைப் பற்றவைத்தாள். அப்பா தொட்டியிலிருந்து நெல்லை அள்ளிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பட்டறையில் மதியம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

"பாழாப்போன மழ, இன்னைக்குத்தான் வரணுமா! தார்பாய கொண்டாம்மா!" என்று வர்ணம் பூசும் அக்கா கத்தினார். ஈரம் பட்டால் கரைந்துவிடும் பொம்மைகளை நாங்கள் ஓடி ஓடி மூடினோம். நில்லு, நில்லு என்று நானும் மழையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் நிலத்தின் நினைப்பு வந்தது. ஒரு நாற்றங்காலுக்கு இது போதுமா? போதும் என்று ஆசைப்படுவதா, போதாது என்றா?

அப்பாவின் போன் வந்தது.

"இங்க பேயுதும்மா. அங்க?"

"இங்கயும்தான்ப்பா."

போனில் அங்கத்து மழைச் சத்தமும் கேட்டது.

"சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்ப்பா."

அந்த அரிசிச் சோறுதான். நன்றாகத்தான் இருந்தது.