செய்தித்தாளில் ஒரு பாதம்

ஒரு நிரபராதியின் வேலையைப் பறித்தவன் நான். யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஒரு படம் பார்த்ததில் தொடங்கியது... ஆனால் படத்தின் மேல் பழி போடமாட்டேன்.

மஸ்கட்டில், ரூவி பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் வெள்ளிக்கிழமை மதியம் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வீடியோ கேசட் பார்ப்போம். அன்று வந்தது, சிறுமிகளை ஒவ்வொருவராகக் கொல்லும் ஒருவனைத் தேடும் படம். எத்தனை நேர்த்தி! பாட்டு இல்லை, சண்டை இல்லை. துப்பறியும் அதிகாரி குரலைக்கூட உயர்த்துவதில்லை. மற்றவர்கள் குப்பையென்று ஒதுக்கும் சின்னப் பொருளை எடுத்துப் பார்ப்பார். அது அவரை ஒரு சாதுவான அண்டைவீட்டுக்காரனிடம் கொண்டுபோய் நிறுத்தும். அதற்கு இணையான படத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அன்றிலிருந்து எல்லோரையும் அந்த அதிகாரியின் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

எதிர் பிளாட்டில் ஓர் அறையை முருகேசனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ராமநாதபுரத்துக்காரர். எங்கள் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ஒருநாள் அவர் அறைக்குப் போனபோது கட்டிலில் ஒரு செய்தித்தாள் துண்டு கிடந்தது. பென்சிலால் வரைந்த சின்னப் பாதம்!

மகளைக் கேட்டேன். "அங்கிள் என் ஃபுட்டை டிரேஸ் பண்ணினாங்க டாடி" என்றாள்.

படத்தில் வந்த கொலைகாரன்தான் என் கண்முன் நின்றான். படத்தில் அந்த அதிகாரி ஒருவனைப் பிடிப்பதற்கு முன் எத்தனை பேரிடம் பொறுமையாக விசாரித்தார்! நான் முருகேசனிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? நேரே மேனேஜரிடம் போய், பிள்ளைகளிடம் தப்பாக நடக்கிறான் என்று புகார் சொன்னேன். அவரும் விசாரிக்கவில்லை. கலாஸ், முடிந்தது என்றார். விசா கேன்சல், நான்கு நாளில் விமானம். வேலைநீக்கக் கடிதத்தை டைப் அடித்ததும் நான்தான்.

மூன்றாம் நாள் எதிர் பிளாட் அம்மாள் என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். முருகேசன் அடுத்த மாதம் லீவில் போக இருந்தாராம். இரண்டு வருடமாகப் பார்க்காத மகளுக்குச் செருப்பு வாங்க, அதே வயதுப் பிள்ளையின் காலை அளவெடுத்தாராம்.

எனக்குத் தெரியாத வழக்கமா அது? ஊரில் இருக்கும் அண்ணன் மகனுக்குச் சட்டை எடுக்க, நண்பர் பிள்ளையின் தோளை நானே அளந்திருக்கிறேனே...

இன்னும் ஒரு நாள் இருந்தது. மேனேஜர் அறைக் கதவு வரை போனேன். தவறு என்னுடையது என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

பெட்டியோடு விடைபெற வந்தார் முருகேசன்.

"அண்ணே, யாரு சொன்னதுன்னு ஆபீஸ்ல ஒங்க காதுல விழுந்துச்சா?"

"இல்லையே தம்பி."

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டீங்கண்ணே."

என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன்... கேட்கிறீர்களா? நானும் பிடித்துக்கொண்டேன்.