நாலு காலில் நின்ற காளை

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் தன் மகனின் காதுகுத்துக்குக் கேக் சொல்ல வந்தார். சுவை, எடை எதையும் அவர் கேட்கவில்லை. கைபேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். கறுப்புக் காளை, நெற்றியில் வெள்ளைச் சுழி, மலை மாதிரித் திமில்.

"இதான் தங்கச்சி எங்க மாடு. கேக்கும் இப்பிடியே நிக்கணும். நாலு கால்ல, நிமிந்து. படுத்த மாடுன்னா எனக்கு வேணாம்."

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஆறு வருடமாகக் கேக் செய்கிறேன். பொம்மை, கார், கிரிக்கெட் மைதானம், பட்டுப்புடவை மடிப்பு எல்லாம் செய்திருக்கிறேன். அத்தனையும் உட்கார்ந்த, படுத்த சமாச்சாரங்கள். நிற்கிற எதையும் செய்ததில்லை. ஆனால் அந்த மனிதர் பிள்ளையின் படத்தைக் காட்டுவதுபோல மாட்டைக் காட்டினாரா, வாய் முந்திக்கொண்டது. "செஞ்சு தாரேண்ணே."

முதல் காளை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. பலகையில் நாலு குழாயை நட்டு, மேலே அட்டை வைத்து, அதன்மேல் கேக்கை அடுக்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓட ஆரம்பித்ததும் எங்கள் சுவர் அதிர்ந்தது. வயிறு தொங்கியது. நாலு காலும் நாலு திசைக்குப் போக, காளை மெதுவாக, மரியாதையாக உட்கார்ந்தது.

அடுத்ததற்குத் தடித்த குழாய் போட்டேன். விழவில்லை. என் மகள் வந்து சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

"யானை நல்லா இருக்கும்மா. தும்பிக்கை எங்க?"

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "படுத்த மாடுதான் வரும்னு போன் பண்ணிச் சொல்லிரு. அவரு வேற ஆளப் பாக்கட்டும்" என்றார். காதுகுத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். அழைக்கவில்லை.

அந்த வாரம் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வெளியே போய் மூன்று சிலைகளைப் பார்த்து வரைந்து வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், நகக்கண்ணில் கறுப்பு க்ரீம் போகாத கையோடு, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனேன். சமணர் மலையில் சிலைகளுக்குப் பஞ்சமில்லை, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு.

ஏழு வயதோடு மலை ஏறினால் எந்தக் கணக்கும் நிற்காது. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரரை வரைய அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. காது நீளத்தை மூன்று தடவை அழித்தாள். அடுத்து குகைக்குள், சிங்கத்தின்மேல் அமர்ந்து போரிடும் பெண்ணின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தம்மா யாரோடம்மா சண்ட போடுறாங்க?"

"எதுத்தாப்ல யானை மேல இருக்கவனோட."

"யாரு ஜெயிச்சா?"

"தெரியலையே."

"இந்தம்மாதான். எப்பிடி உக்காந்திருக்காங்க பாரு."

எனக்கு அந்த நிமிடம் பொறாமையாக இருந்தது. பாறை செதுக்கியவனின் சிலைக்கு முதுகுப்பக்கம் மலையே தாங்கல். அவன் செய்தது எதுவும் விழாது.

மூன்றாவது சிலை கீழே இறங்கிய பிறகுதான். ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரையில், ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட மண் குதிரைகள் வரிசையாக நின்றன. என்னைவிட உயரம். வெயில் ஏறியிருந்தது. நான் வேப்பமர நிழலில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். திரும்பினால் மகளைக் காணவில்லை.

"அம்மா! இங்க ஒரு ஆளு நிக்கிறாரு!"

குரல் குதிரைக்கு அடியிலிருந்து வந்தது. பதறிப்போய்க் குனிந்தேன். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில், குதிரையோடு குதிரையாகச் சுட்ட மண்ணில், குட்டையாக ஒரு பூதம். உருண்ட கண், முறுக்கிய மீசை. இரண்டு கையையும் தூக்கி, குதிரையின் வயிற்றைத் தலையில் தாங்கிக்கொண்டிருந்தது.

"இவருக்கு வலிக்காதாம்மா?"

"அவரு தாங்கலைன்னா குதிர வயிறு தொங்கி விழுந்துரும்டி" என்றேன்.

சொன்னது நான்தான். என் காதில் விழ ஒரு கணம் பிடித்தது. பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து இந்தக் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். மணியை, மாலையை, முறைக்கிற கண்ணை எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

"நோட்டக் குடு, நோட்டக் குடு!"

"அது என் மூணாவது சிலைக்கு வச்ச பக்கம்மா!"

பிடுங்காத குறையாக வாங்கி, காளையை வரைந்தேன். மெல்லிய நாலு கால். வயிற்றுக்குக் கீழே ஒரு கோடு. அந்த இடத்தில் தடித்த குழாயை நட்டு, ஒரு உருவத்துக்குள் ஒளிக்கலாம். ஆனால் மாட்டுக்கு அடியில் மீசை வைத்த பூதத்தை எப்படி நிறுத்துவது? மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"காது குத்துற பையன நிக்க வையும்மா."

அவளை வாரி எடுத்துச் சுற்றினேன். "பென்சில் குத்துதும்மா!" என்று கத்தினாள். மூன்றாவது சிலையை நோட்டின் பின்னட்டையில் வரைந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். இந்தத் தடவை கால்கள் மாட்டுக் கால்களாகவே வந்தன. காலடியில் பச்சை க்ரீம் பூசி, புல்தரையாக இன்னொரு கேக். நடுவில் வேட்டி கட்டிய சின்னப் பையன், இரண்டு கையையும் தூக்கி, மாட்டின் வயிற்றைத் தாங்கியபடி. முடித்துவிட்டு ஜன்னலைத் திறந்து தறி ஓடக் காத்திருந்தேன். ஓடியது. மேசைமேல் டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. காளை அசையவில்லை. ஷிஃப்ட் முடிகிறவரை அசையவில்லை. வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

காதுகுத்தன்று ஆம்னி வேனில் பின்னால், அதே மாதிரி புதிதாகச் செய்த காளையும் நானும். முன்சீட்டில் மகள், வேகத்தடையை அறிவிக்கும் பொறுப்பு அவளுக்கு. "வருதும்மா, வருது!" செக்கானூரணி தாண்டி ஒன்றை அவளும் பார்க்கவில்லை, டிரைவரும் பார்க்கவில்லை. வண்டி எகிறியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தபோது காளை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மண்டபத்தில் பெட்டியைப் பிரித்ததும் கூட்டம் நெருக்கியடித்து வந்தது. பிறகு விசில் கிளம்பியது. பையனின் அப்பா காளையைச் சுற்றி வந்தார். குனிந்தார். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏப்பா, அடியில நம்ம பய நிக்கிறான்யா!"

அதற்குப் பிறகு ஒரு சிக்கல். கத்தியைக் கையில் கொடுத்தால் அவர் பின்வாங்கினார். "எங்க மாட்ட நானே வெட்டுறதா? முடியாது தங்கச்சி." தாய்மாமனும் முடியாது என்றார். கூட்டம் முழுக்க ஆளுக்கு ஒரு யோசனை. என் மகள்தான் முன்னால் போய், "கீழ உள்ள புல்லும் கேக்குதான். அத வெட்டுங்க" என்றாள்.

புல்லை வெட்டினார்கள். தாய்மாமன் மைக்கைப் பிடுங்கி, ஜல்லிக்கட்டு வாடிவாசல் வர்ணனை மாதிரி ஆரம்பித்தார். "நிக்கிது பாரு! நிக்கிது பாரு! செல்லூர் மாடு நிக்கிது பாரு! யாரும் கிட்ட போகாதப்பா! மாடு ஜெயிச்சிருச்சு! மாட்டுக்காரம்மா மேடைக்கு வாங்க, பரிச வாங்கிக்கங்க!"

சீர் வரிசையிலிருந்து ஒரு பெரிய சில்வர் அண்டாவைத் தூக்கிவந்து, என் கழுத்தில் துண்டைப் போட்டு, மகள் கையில் கொடுத்தார்கள். அவளால் தூக்க முடியவில்லை. அண்டாவின் காதை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவில் இறங்கினோம். திரும்பி வரும்போது வேனில் இடம் நிறைய இருந்தது. ஆனாலும் அவள் அந்த அண்டாவுக்குள்தான் உட்கார்ந்து வந்தாள், மதுரை வரைக்கும்.