ஐந்து பாகக் கயிறும் ஆறாவது ஆட்டமும்

“ஆவணி 3, செவ்வாய். மாமா, ஐந்து ஆட்டமும் தோற்றுவிட்டோம். கடைசி ஆட்டம் வருகிற சனி பின்னேரம் நாலு மணிக்கு, கொழும்புத்துறையில், உரும்பிராய் அணியோடு. ஒன்றாவது வெல்லாவிட்டால் அடுத்த வருடம் அணி இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். உரும்பிராயோடு முதல் தடவை ஆடியபோது நாலு விரல் குறைந்துதான் தோற்றோம். அளக்கிற கயிறு நீளமோ என்று சந்தேகம். உங்கள் அளவு நாடாவைக் கொண்டு வாருங்கள்.”

எழுதியவன் என் தங்கை மகன் சேந்தன். கனடாவில் படித்தபோது அமெரிக்க உதைபந்தாட்டம் பழகி, இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் பெண்கள் அணியைப் பயிற்றுகிறான். நான் நில அளவைப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். நாடாவும், போகிற இடமெல்லாம் நேரம் போட்டுக் குறிப்பெழுதும் கொப்பியும் கையில் இருந்தன.

சனி, பகல் 1.20. கரவெட்டியிலிருந்து நெல்லியடிச் சந்திக்கு நடந்து வந்து பேருந்து ஏறினேன். கட்டணம் 140 ரூபாய். வல்லை வெளியில் காற்று இருபுறமும் அடித்தது. வெயிலில் தரவை நிலம் தண்ணீர்போல மினுங்கியது. தூரத்தில் மேய்ந்த மாடுகளுக்குக் கால்களே இல்லை. கொஞ்ச நேரம் பேருந்து நிற்க, வெளிதான் எங்களைக் கடந்து போவதுபோல் இருந்தது.

3.05. யாழ்ப்பாண நிலையத்திலிருந்து கொழும்புத்துறைக்கு ஏறக்குறைய நாலு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு 500 ரூபாய்.

“முட்டைப் பந்து பாக்கவோ ஐயா?” என்றார் சாரதி. “உதைபந்தாட்டம் எண்டு சொல்லிப்போட்டு ஒருத்தியும் உதைக்கிறாளில்லை. காவிக்கொண்டெல்லோ ஓடுறாளவை!”

3.30. மைதானத்தின் தெற்கு எல்லை கடலேரி. முழங்காலளவு தண்ணீரில் இரண்டு பேர் வெகுதொலைவில் நடந்துகொண்டிருந்தார்கள். வானமும் நீரும் ஒரே நிறமாக இருந்ததால் அவர்கள் எதன்மேல் நடக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஆட்டம் இதுதான். அணிக்கு ஏழு பேர். இடுப்பில் இரண்டு சிவப்புத் துணிப்பட்டிகள் தொங்கும். பந்து வைத்திருப்பவளின் பட்டியை எதிரணி உருவினால் ஓட்டம் அந்த இடத்தில் நிற்கும். நாலு முயற்சிக்குள் பத்து யார், அதாவது முப்பது அடி, முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து மற்றவர்களுக்கு. அந்தப் பத்து யாரை அளக்கும் கயிறு சேந்தனின் அணித்தலைவி வதனியின் அப்பா, மீன்பிடிக்கும் இராசு, கட்டித் தந்தது. இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி. ஐந்து பாகம் முப்பது அடி. நாலு அணிகளும் இந்தப் பருவம் முழுக்க அந்த ஒரு கயிற்றால்தான் அளந்தன.

“இப்பவே அளக்கட்டோ?” என்று சேந்தனைக் கேட்டேன்.

“வேண்டாம் மாமா. தோத்தால் பாப்பம்.”

4.00. தெற்கிலிருந்து அடித்த சோளகக் காற்று பந்தை வளைத்தது. எறிந்த பந்து கடலேரிக்கு மேலே மிதந்து, யோசித்துப் பார்த்து, திரும்பி வந்தது. அப்படித் திரும்பிய ஒன்றை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் வதனி எட்டிப் பிடித்தாள். ஆறு புள்ளி. பிறகு ஒரு மணித்தியாலம் யாரும் எதுவும் பெறவில்லை.

5.10. இரண்டு நிமிடம் மீதி. உரும்பிராயின் நாலாவது முயற்சி. அவர்களுடைய தலைவி கௌசி பந்தோடு ஓடி, எல்லைக் கோட்டுக்கு எட்டடி முன்னால் பட்டியைப் பறிகொடுத்தாள். கயிறு வந்தது. இழுத்துப் பிடித்தார்கள். நாலு விரல் குறைவு.

“உந்தக் கயிறு நீளம்!” என்றாள் கௌசி. “ஐயா, ஒருக்கா கையை விரியுங்கோ பாப்பம்.”

இராசு சிரித்துக்கொண்டு விரித்தார். அவள் முதுகோடு முதுகாக நின்று தன் கைகளை விரித்தாள். இரண்டு பக்கமும் அவருடைய விரல்கள் ஒரு சாண் தாண்டி நின்றன.

“உது கையோ, படகு வலிக்கிற சவளோ?” என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது.

“பாகம் எண்டால் பாகந்தான் பிள்ளை,” என்றார் இராசு. “மீன் ஒண்டும் முறைப்பாடு வைக்கேல்லை.”

கயிறு நீளமென்றால் கௌசி பத்து யார் கடந்துவிட்டாள். எட்டடி தூரத்திலிருந்து இன்னும் நாலு முயற்சி அவர்களுக்கு. நான் சேந்தனைப் பார்த்தேன். அவன் குனிந்து, சரியாகக் கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

“சேந்தன் சேரின்ரை மாமாவிட்டை நாடா இருக்கு,” என்றாள் வதனி. “அளந்து பார், கௌசி.”

நாடாவை எடுத்தேன். சேந்தனின் விரல்கள் முடிச்சில் நின்றுபோயின. கௌசி நாடாவையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அண்டைக்கு முதல் ஆட்டத்திலை உங்களுக்கும் நாலு விரல்தானே?” என்று வதனியைக் கேட்டாள்.

“ஓம்.”

“அண்டைக்கு நீ நாடா கேக்கேல்லை.”

“இல்லை.”

“அப்ப உள்ளுக்கை வையுங்கோ ஐயா,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, பந்தை வதனியின் கையில் திணித்தாள். “இந்தா. ரண்டு நிமிஷம் கிடக்கு. கனக்கச் சந்தோஷப்படாதை.”

இரண்டு நிமிடமும் போனது. 6–0.

5.40. மாணவிகள் உடுப்போடு கடலேரிக்குள் ஓடினார்கள். நானாவது அளந்து பார்க்கலாம் என்று கரைக்குப் போனேன். இராசு அந்தக் கயிற்றை நங்கூரத்தில் கட்டிவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“விளையாட்டு முடிஞ்சுதெல்லோ. எனக்குக் கயிறு வேணும்.”

தடியை ஊன்றினார். சத்தமில்லாமல் படகு நிறமற்ற நீருக்குள் போய்ச் சிறுத்தது. பகலில் நடந்துகொண்டிருந்த இருவரையும் காணவில்லை.

6.15. திரும்பும் பேருந்து. கரவெட்டியில் ஒரு வேலி நாலு விரல் நகர்ந்தால் வழக்கு ஒரு தலைமுறை ஓடும். அப்படிப்பட்ட வேலிகளை அளந்துதான் நான் சம்பளம் வாங்கினேன். மைதானத்தில் என் ஓட்டோ வெளிக்கிட முதல் வதனி ஈரத் தலையோடு ஓடிவந்து கேட்டிருந்தாள்: “கொப்பியிலை கயிறைப் பற்றி என்ன எழுதுவியள்?”

வல்லை வெளி தாண்டும்போது எழுதினேன்: கயிறு, ஐந்து பாகம், இராசுவின் கையால். அது முப்பது அடிதானா என்பது அளந்து பார்க்கப்படவில்லை.